ஒக்டோபர் 30: ஹென்றி டியூனன்ட் நினைவாக

எமது கல்லூரியில் முதலுதவி வகுப்புக்குப் போன எவருக்கும் ஹென்றி டியூனன்ட் என்ற பெயர் புதிதல்ல. அவர் பிறந்த மே 8 ஆம் திகதியே உலக செஞ்சிலுவை தினம் என்று மனனம் செய்து பரீட்சையில் எழுதினோம். அவர் இறந்த திகதியை யாரும் எமக்குச் சொல்லித் தரவில்லை. மருத்துவ பீடத்தில் படிக்கும்போது தற்செயலாக அதை அறிந்தேன்: 1910 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்தில் எம் தலைமுறையினர் எவராலும் இலகுவில் கடந்து செல்ல முடியாத திகதி அது. அன்று முதல் அவரது வாழ்க்கை எனக்குப் பாடப்புத்தகக் கதையாக இருக்கவில்லை.

டியூனன்ட் 1828 இல் சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரில், வசதியும் பக்தியும் உள்ள குடும்பத்தில் பிறந்தார். ஏழைகளுக்கும் நோயாளருக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் பெற்றோர் செய்த உதவியைப் பார்த்து வளர்ந்தவர். படிப்பில் கெட்டிக்காரர் அல்லர். புள்ளிகள் போதாமல் கல்லூரியை விட்டு விலகி வங்கியொன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். 1852 இல் ஜெனீவாவில் வை.எம்.சி.ஏ. கிளையை ஆரம்பித்தவர்களுள் ஒருவர். பின்னர் அல்ஜீரியாவில் மாவாலை அமைக்கும் முயற்சியில் இறங்கினார். ஆலைக்கு நிலமும் நீர் உரிமையும் வேண்டியிருந்தன. அதிகாரிகள் இழுத்தடித்தார்கள். நேரே பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனிடமே மனுக் கொடுப்பதென்று புறப்பட்டார். சக்கரவர்த்தி அப்போது வட இத்தாலியில் போர்க்களத்தில் இருந்தார்.

இப்படித்தான் ஒரு வியாபாரி, தன் சொந்த அலுவலாக, 1859 ஜூன் 24 ஆம் திகதி சோல்பெரினோ போர்க்களத்துக்கு அருகே வந்து சேர்ந்தார். அந்த ஒரு நாளில் பிரெஞ்சு, இத்தாலிய, ஒஸ்ரிய வீரர்கள் ஏறத்தாழ 40,000 பேர் இறந்தும் காயமடைந்தும் போனார்கள். அடுத்திருந்த கஸ்ரிலியோனே என்ற சிற்றூருக்குக் காயக்காரர் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தனர். தேவாலயங்களிலும் வீடுகளிலும் தெருவோரத்திலும் கிடத்தப்பட்டனர். ஊரில் தண்ணீர் இருந்தது, உணவும் இருந்தது. அவற்றை எடுத்துக் கொடுக்கக் கைகள்தாம் போதவில்லை.

டியூனன்ட் வைத்தியர் அல்லர். வெள்ளை உடுப்புடன் வந்த அந்தப் பயணி தன் மனுவை மறந்து, ஊர்ப் பெண்களையும் இளம்பிள்ளைகளையும் திரட்டினார். சிறுவர்கள் வாளிகளில் தண்ணீர் சுமந்தார்கள். பெண்கள் காயம் கழுவிக் கட்டினார்கள். தம் செலவில் துணியும் உணவும் மருந்தும் வாங்குவித்தார். சிறைப்பிடிக்கப்பட்டிருந்த ஒஸ்ரிய வைத்தியர்களை விடுவித்துச் சிகிச்சைக்குச் சேர்த்துக்கொள்ளச் செய்தார். இறக்கும் தறுவாயில் இருந்தவர்கள் சொல்லச் சொல்ல, வீட்டாருக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பெண்கள் எந்த நாட்டுச் சீருடை என்று பார்க்கவில்லை. எல்லோருக்கும் ஒரே தண்ணீர்தான்.

ஊர் திரும்பியபின் கண்டதை நூலாக எழுதி, 1862 இல் தம் செலவிலேயே 1,600 பிரதிகள் அச்சிட்டார். போர் வருமுன்பே ஒவ்வொரு நாட்டிலும் தொண்டர்களைப் பழக்கி வைக்க வேண்டும். காயக்காரரையும் அவர்களைப் பராமரிப்போரையும் எந்தத் தரப்பும் தாக்காதிருக்க நாடுகள் உடன்பட வேண்டும். அவர் கேட்டவை இந்த இரண்டும்தான். 1863 பெப்ரவரியில் அவரும், சட்டத்தரணி மொய்னியேயும், ஜெனரல் டுபூரும், வைத்தியர்கள் அப்பியாவும் மொனுவாரும் சேர்ந்து ஐவர் குழுவாகக் கூடினர். அதுவே சர்வதேச செஞ்சிலுவைக் குழுவாயிற்று. 1864 ஓகஸ்ட் 22 இல் 12 நாடுகள் முதலாவது ஜெனீவா உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன.

அவரது சொந்த வாழ்க்கை மறுபக்கம் சரிந்தது. கவனிப்பாரற்ற அல்ஜீரிய வியாபாரம் 1867 இல் முறிந்தது. கடன் கொடுத்தவர்களுள் நண்பர்களும் உறவினரும் இருந்தனர். நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. தாம் உருவாக்கிய குழுவிலிருந்தே நீக்கப்பட்டார். பிறந்த நகரை விட்டுப் போனவர் பிறகு அங்கு வாழத் திரும்பவேயில்லை. வருடக்கணக்காக வறுமையில் ஊரூராக அலைந்தார். இடம்பெயர்ந்தவர்களுக்கு அடைக்கலமான ஓர் இயக்கத்தைத் தொடங்கியவர், தாமே ஊரிழந்தவர் ஆனார்.

1887 இல் ஹைடன் என்ற மலைக்கிராமத்தை அடைந்தார். 1892 முதல் அங்குள்ள வைத்தியசாலையின் ஓர் அறையே அவர் வீடு. 1895 இல் பத்திரிகையாளர் ஒருவர் எழுதிய கட்டுரையால்தான் அவர் உயிரோடிருப்பதை உலகம் மறுபடி அறிந்தது. 1901 இல் முதலாவது சமாதான நோபல் பரிசு அவருக்கும் பிரெஞ்சு நாட்டுப் பஸ்ஸிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்தப் பணத்தை அவர் தமக்காகச் செலவழிக்கவில்லை. கிராமத்து ஏழை நோயாளருக்காக அந்த வைத்தியசாலையில் ஓர் இலவசக் கட்டில் இருக்கவேண்டும் என்று மரணசாசனத்தில் ஏற்பாடு செய்தார். சடங்குகள் எதுவுமின்றி சூரிச்சில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் காலத்து உடன்படிக்கை காயமடைந்த படையினருக்கானது. பொதுமக்களுக்கென்று ஒரு தனி உடன்படிக்கை வர 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பயன் நீண்டு எங்கள் ஊர்வரை வந்தது. 1990 இல் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பின் கீழ் வந்ததையும், ஐ.சி.ஆர்.சி. கொடியுடன் பருத்தித்துறைக்குக் கப்பல் வந்ததையும் எம்மில் பலர் அறிவோம்.

1995 ஒக்டோபர் 30 அன்று எனக்குப் பதினான்கு வயது. வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. மழை. சைக்கிளில் அம்மம்மாவை இருத்தி அப்பா உருட்டினார். சில மைல் தூரத்துக்கு ஓரிரவு முழுவதும் சென்றது. குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைநீரைக் குடித்தவர்களைக் கண்டேன். விடியும்போது தென்மராட்சியில், முன்பின் அறியாத ஒரு வீட்டு வாசலில், ஒரு தாய் கிணற்றுத் தண்ணீரை வாளியில் வைத்துக்கொண்டு வருவோர் போவோருக்கெல்லாம் செம்பால் ஊற்றிக்கொண்டிருந்தார். எந்த ஊர், எந்தச் சாதி என்று அவர் கேட்கவில்லை. கஸ்ரிலியோனேப் பெண்களைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்த முகம்தான் வந்தது. சில மாதங்களின் பின் கொழும்பிலிருந்த அண்ணாவின் கையெழுத்தைச் செஞ்சிலுவைச் செய்திப் படிவம் ஒன்றிலே கண்டு அம்மா அழுததும் நினைவிருக்கிறது. டியூனன்ட் எழுதிய கடிதங்களின் பேரப்பிள்ளை அந்தப் படிவம்.

ஆனால் இந்தத் திகதியில் நான் சொல்லவேண்டிய இன்னொன்றும் உண்டு. அதற்குச் சரியாக ஐந்து வருடங்களுக்கு முன், 1990 ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். எனக்கு ஒன்பது வயது. வகுப்பில் என் பக்கத்துக் கதிரை அதன்பின் வெறுமையாக இருந்தது. அவள் எங்கே என்று நான் ஆசிரியையிடம் கேட்கவில்லை. வீட்டிலும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர்கள் போன பாதையில் ஒரு வாளி தண்ணீரோடு நாங்கள் நிற்கவில்லை. ஐந்து வருடம் கழித்து எமக்கு ஊற்றப்பட்ட தண்ணீரைக் குடித்தபோதும் அது என் நினைவுக்கு வரவில்லை. வெகு காலத்தின் பின், டியூனன்டின் இறந்த திகதியைப் பார்த்த அன்றுதான் வந்தது.

வைத்தியராக நான் தினமும் கட்டில் இலக்கத்தையும் நோயையும் பார்க்கிறேன். பெயர் சொல்லும் இனத்தைப் பார்க்காமலிருக்கப் பழக வேண்டியிருக்கிறது. அது தானாக வருவதில்லை. டியூனன்ட் கேட்டதுபோல, முன்கூட்டியே பழகிக்கொள்ள வேண்டிய தொண்டு அது.

எமது சங்கத்தின் கிளைகள் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் இருக்கின்றன. நூற்றாண்டு ஆண்டிலே பழைய மாணவிகளின் பட்டியலைப் புதுப்பிக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள்: 1990 ஆம் ஆண்டு இடாப்புகளையும் எடுத்துப் பாருங்கள். புத்தளத்திலும் வேறிடங்களிலும் எம் தோழிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த மலரின் பிரதி ஒன்று போய்ச் சேரட்டும். என் பக்கத்துக் கதிரையில் இருந்தவளின் முகவரியைத் தேடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.