திண்ணையில் கிடைத்த பாயிரம்



கல்லூரி நாள் விழாவுக்கு நான் பாட்டு எழுதினது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். எதுகையும் இல்லை, மோனையும் இல்லை என்று விடுதியே ஓட்டியது. ஓட்டினவர்களுக்கும் அது என்னவென்று தெரியாது, எனக்கும் தெரியாது. வேலைக்குப் போன பிறகுதான் தேடிப் படித்தேன். அப்போது அறிமுகமானவர் கோபாலகிருஷ்ண பாரதியார்.

முதலில் அந்தக் கடனைத் தீர்த்துவிடுகிறேன். முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை: கல்லூரி, கான்டீன், காப்பி. இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை: பட்டம், சட்டம், கட்டம். அதிலும் முதலெழுத்து குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் இருக்கணும். பட்டுக்குப் பாட்டு எதுகை ஆகாது. கீர்த்தனையில் முதலில் பல்லவி, அடுத்து அனுபல்லவி, அப்புறம் சரணங்கள். தமிழில் எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்பார்கள். சரணம் முடிந்தால் திரும்பப் பல்லவிக்கே வரணும்.

பாரதியார் 19ஆம் நூற்றாண்டுக்காரர். நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் பிறந்து, மாயவரம் அருகே ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சங்கீதமும் சிவபக்தியும்தான் அவருக்கு எல்லாம்.

அவருடைய பெரிய படைப்பு நந்தனார் சரித்திரம். பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதை சுருக்கமாகவே வரும். பாரதியார் அதில் இல்லாத ஒரு வேதியரைப் பண்ணையாராகக் கொண்டுவந்தார். சிதம்பரம் போக விடை கேட்டு அவர் முன்னால் நிற்கும் பண்ணையாளாக நந்தனைக் காட்டினார். கீர்த்தனைகளோடு விருத்தமும் வைத்தார், நொண்டி நாடகங்களில் கால் இழந்தவன் பாடும் நொண்டிச்சிந்து மெட்டையும் சேர்த்தார்.

அந்தக் காலத்தில் நூல் வெளிவர ஒரு புலவரின் சிறப்புப் பாயிரம் வேணும். மாயவரத்தில் இருந்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876). அவருக்கு இந்த நூல் பிடிக்கவில்லை. இலக்கணப் பிழைகள் இருந்தன, கொச்சைச் சொற்கள் இருந்தன, கதையும் புராணத்தை விட்டு விலகியிருந்தது. பாரதியார் பலமுறை நடந்தார். பாயிரம் வரவில்லை.

ஒரு நாள் பிள்ளையவர்கள் வீட்டுக்குள்ளே படுத்திருந்தார். திண்ணையில் காத்திருந்த பாரதியார் தன்பாட்டுக்குத் தன் கீர்த்தனையைப் பாட ஆரம்பித்தார். கேட்கக் கேட்கப் புலவர் உருகிப்போனார், கண்ணீர் வந்துவிட்டது. வெளியே வந்து, இத்தனை நாள் அலைய விட்டதற்கு வருந்தி, பாயிரம் கொடுத்தார். பிறகு காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி சீசே என்பவரின் முயற்சியால் நூல் அச்சேறியது.

இதனால் பிள்ளையவர்கள் இலக்கணத்தை விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். 1871இல் அவரிடம் பாடம் கேட்க வந்த உ.வே. சாமிநாதையர், பாரதியாரிடம் சங்கீதமும் கற்க ஆரம்பித்தார். படிப்பு கெடும் என்று பிள்ளையவர்கள் கருதியதால் அது பாதியில் நின்றுபோனது. அதே மாணவர்தான் பிற்காலத்தில் பாரதியாரின் வரலாற்றையும் எழுதினார்.

நாமெல்லாம் வரைபடத்தில் அளவு தப்பினால் கையெழுத்துப் போடாதவர்கள். அதனால் பிள்ளையவர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது. அவர் கண்ட பிழைகள் பொய்யில்லை. ஆனால் அதுவரை அவர் பார்த்தது ஏட்டில் இருந்த எழுத்தை. அது பாட்டு என்பது பாடிக் கேட்டபோதுதான் தெரிந்தது. 1942இல் ஜெமினியின் நந்தனார் படத்திலும் பாரதியார் பாட்டுகள் ஒலித்தன. கச்சேரிகளில் இன்றைக்கும் பாடுகிறார்கள்.

மற்றபடி, என் பழைய பாட்டில் எதுகை இல்லைதான். ஒப்புக்கொள்கிறேன். யாருமே அதைப் பாடிக் கேட்கவில்லை என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்ளணும். சந்திப்பு நாளன்று பாடப்போகிறேன், முன்வரிசையில் வந்து உட்காருங்கள்.