மௌனம் மீட்டுத் தந்த குரல்

ஸ்வீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில், 1820-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் ஜென்னி லிண்ட் பிறந்தார். தாய் சிறுமியருக்கான பள்ளியொன்றை நடத்தி வந்தார், தந்தை கணக்கெழுதுபவர். வசதி குறைந்த வீடு. ஒன்பது வயதில், சன்னலோரம் அமர்ந்து தம் செல்லப் பூனைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பது ஜென்னியின் வழக்கம். தெருவில் சென்ற பணிப்பெண் ஒருத்தி அதைக் கேட்டுத் தன் எசமானியிடம் கூறினாள். அந்த அம்மையார் அரச நாடக அரங்கின் நடனமணி. அவருடைய முயற்சியால், அந்த அரங்கின் பயிற்சிப் பள்ளியில் அரசின் செலவிலேயே ஜென்னிக்கு இடம் கிடைத்தது.

வசனத்திற்குப் பதிலாகப் பாட்டாலேயே கதையை நடித்துக் காட்டும் மேனாட்டு இசை நாடகத்தை 'ஆப்பெரா' என்பர். பெண் குரல்களில் மிக உயர்ந்த சுருதியில் பாடுவோர் 'சொப்ரானோ' எனப்படுவர். அத்தகைய குரல் ஜென்னிக்கு இயல்பாகவே வாய்த்திருந்தது. 1838-இல், பதினேழாம் வயதில், வேபர் என்னும் இசைமேதையின் ஆப்பெராவில் முதன்மைப் பாத்திரம் ஏற்று ஒரே இரவில் நாடறிந்தவரானார். 1840-இல் அரசவைப் பாடகி என்னும் சிறப்பும் அவரை வந்தடைந்தது.

ஆனால் புகழுக்குப் பின்னால் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. ஓய்வின்றி மேடையேறினார். மூச்சை அடக்கி ஆளும் முறையைச் சரிவரக் கற்காமல், தொண்டையை வருத்திப் பாடினார். மேற்பயிற்சிக்காகப் பாரிஸ் செல்ல விரும்பியவர், பயணச் செலவுக்காக ஊர் ஊராகச் சென்றும் பாடினார். 1841-இல் அவர் பாரிஸ் நகரை அடைந்தபோது குரல் கரகரத்து, களைத்துப் போயிருந்தது.

அங்கே மானுவேல் கார்சியா என்னும் புகழ்மிக்க ஆசிரியரின் முன் பாடிக் காட்டினார். பின்னாளில், 1854-இல், கண்ணாடியின் துணைகொண்டு தம் குரல்வளையின் அசைவைத் தாமே பார்த்து ஆராய்ந்தவர் இவரே. ஜென்னியின் குரல் தேய்ந்துவிட்டது என்று அவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார். ஆறு வாரங்களுக்குப் பாடவே கூடாது, பேச்சையும் இயன்றவரை குறைக்க வேண்டும், அதன்பின் வந்தால் பார்க்கலாம் என்பதே அவர் இட்ட கட்டளை.

எண்ணிப் பாருங்கள்! சொந்த நாட்டில் கொண்டாடப்பட்ட பாடகி, இருபதே வயதில், அந்நிய நகரில், வாய் திறவாமல் நாட்களைக் கழிக்க வேண்டியதாயிற்று. குரல் திரும்பும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆயினும் கட்டளையை மீறவில்லை. ஆறு வாரம் கழித்து ஆசிரியர் சோதித்தபோது குரல் தேறியிருந்தது. அடிப்படையிலிருந்து பாடம் தொடங்கியது. அரசவைப் பாடகி, சிறு பிள்ளையைப் போல, சுரவரிசைகளை ஏற்றியும் இறக்கியும் மெல்ல மெல்லப் பயின்றார். ஓராண்டுக் காலம் இவ்வாறு உழைத்து, 1842-இல் மீண்டும் ஸ்டாக்ஹோம் மேடை ஏறினார். முன்னிலும் வளமான குரல் கேட்டு மக்கள் வியந்தனர்.

பின்னர் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் அவரை வரவேற்றன. 1847-இல் இலண்டன் மாநகரே அவர் குரலுக்கு மயங்கியது. இரவில் இனிமையாகப் பாடும் பறவையின் பெயரால் 'ஸ்வீடன் நாட்டு நைட்டிங்கேல்' என்று உலகம் அவரை அழைத்தது. நண்பரும் இசைமேதையுமான மெண்டல்சன் அதே ஆண்டில் மறைந்தார். அடுத்த ஆண்டு, அவருடைய 'எலியா' என்னும் திருமறை இசைப்படைப்பை ஜென்னி இலண்டனில் பாடி நிதி திரட்டினார். அதைக் கொண்டு இளம் இசை மாணவர்களுக்கு உதவித்தொகை ஏற்பட்டது.

புகழின் உச்சியில் இருந்தபோதே, 1849-இல், ஆப்பெரா மேடையைத் துறந்தார். அப்போது வயது 28. இறைப்பற்று மிக்க அவர் அதன்பின் இசைக் கச்சேரிகளில் மட்டுமே பாடினார். 1850 முதல் 1852 வரை அமெரிக்காவில் பாடியபோது, முதற் கச்சேரியில் தமக்குக் கிடைத்த ஏறத்தாழ 10,000 டாலரை நியூயார்க்கின் அறநிலையங்களுக்கே ஈந்தார். அப்பயணத்தில் ஈட்டிய பெரும்பொருளில் பெரும்பகுதி அறப்பணிகளுக்கே சென்றது. ஸ்வீடனில் இலவசப் பள்ளிகள் அமைப்பது அவற்றுள் முதன்மையானது. 1852-இல் பாஸ்டன் நகரில் பியானோ கலைஞர் ஆட்டோ கோல்ட்ஷ்மிட் என்பவரை மணந்தார். பிற்காலத்தில் இருவரும் இங்கிலாந்தில் குடியேறினர். மூன்று மக்கட்செல்வங்கள் பிறந்தனர்.

1883-இல் இலண்டனில் அரச இசைக் கல்லூரி தொடங்கப்பட்டபோது ஜென்னி அங்கே குரலிசைப் பேராசிரியரானார். இனிய குரல் மட்டும் போதும் என்று எண்ணி வந்த மாணவியர் அவரிடம் வேறு பாடம் கற்றனர். சுரப்பயிற்சி, பியானோ, தெளிவான உச்சரிப்பு, மேடையில் நிற்கும் முறை, குறைந்தது ஓர் அயல்மொழி ஆகிய அனைத்தும் வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். அடித்தளமின்றி எழுந்த புகழ் என்ன செய்யும் என்பதைத் தம் தொண்டையிலேயே அறிந்தவரல்லவா?

1887-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், மால்வெர்ன் குன்றுகளிலிருந்த தம் இல்லத்தில் அவர் கண்மூடினார். 1894-இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் வைக்கப்பட்டது.

அவர் பாடிய காலத்தில் ஒலிப்பதிவு பரவவில்லை. அந்தக் குரலை இன்று நம்மால் கேட்க இயலாது. அன்பு மாணவிகளே, நாம் அவரிடம் கற்றுக்கொள்ளக் கூடியது அந்த ஆறு வார மௌனமே. கைதட்டல் பழகிய பின்னும், முதல் பாடத்திற்குத் திரும்பிச் சென்று அமரும் பணிவு அவரிடம் இருந்தது. இறைவன் தந்த கொடையை அவர் காத்ததும் வளர்த்ததும் அந்தப் பணிவினால்தான்.