கடிகாரக் கடையிலிருந்து காவல் நிலையம் வரை: ஜேம்ஸ் பாரிஸ் லீயின் கதை

புது தில்லி: உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020-ஆம் ஆண்டு குடியரசு தின அணிவகுப்போடு தனது 303 ரகத் துப்பாக்கிகளுக்கு விடைகொடுத்தது. காவலர்கள் 'த்ரீ நாட் த்ரீ' என்று அழைக்கும் இந்தத் துப்பாக்கி, ஆங்கிலேயர் ஆட்சியிலும் சுதந்திர இந்தியாவிலும் நாடு முழுவதும் காவலர்களின் தோளில் தொங்கியது. இதன் முழுப் பெயர் லீ-என்ஃபீல்டு. என்ஃபீல்டு என்பது லண்டனுக்கு வடக்கே, பிரிட்டிஷ் அரசின் ஆயுதத் தொழிற்சாலை இருந்த ஊர். லீ என்பது ஒரு மனிதரின் பெயர். அவரது வாழ்க்கை ஸ்காட்லாந்து, கனடா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் கழிந்தது. ஆனால் அவரது கண்டுபிடிப்பு, இந்தியாவில் ஆள்வோர், காவலர், மக்கள் ஆகிய மூவருக்கும் இடையே இருந்த உறவின் அளவுகோலாக ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது.

ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் ஹாவிக் நகரில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் கனடாவின் கால்ட் என்ற ஊரில் குடியேறியது. தந்தை கடிகாரம் பழுதுபார்ப்பவர். அந்தக் கடையில்தான் மகன் தொழில் பயின்றார். சிறு சுருள்வில், நுண்ணிய பல்சக்கரம், மயிரிழை பிசகினாலும் நின்றுபோகும் இயக்கம் ஆகியவற்றோடு பழகிய அந்தக் கைகளே பின்னாளில் துப்பாக்கியின் உட்பகுதியை மாற்றியமைத்தன. இளம் வயதிலேயே பழைய கைத்துப்பாக்கி ஒன்றின் குழலைக் கொண்டு தாமே ஒரு துப்பாக்கி செய்து பார்த்தார். மணமான பின் 1858-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்.

அங்கே அவருக்கு முதலில் கிடைத்தது தோல்விதான். அமெரிக்க உள்நாட்டுப் போரின் இறுதிக் கட்டத்தில் ராணுவத்துக்கு ஆயிரம் குறுந்துப்பாக்கிகள் செய்து தரும் ஒப்பந்தத்தைப் பெற்றார். மில்வாக்கி நகரில் நிறுவனமும் தொடங்கினார். குழலின் விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் ராணுவத்தோடு எழுந்த தகராறில் அந்த ஒப்பந்தம் முறிந்தது. போரும் முடிந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் கடிகாரத் தொழிலுக்கே திரும்பியிருப்பார். லீயோ ஆயுத வடிவமைப்பையே வாழ்க்கையாகக் கொண்டு, ரெமிங்டன் உள்ளிட்ட ஆலைகளோடு இணைந்து பணியாற்றினார்.

அந்தக் காலத்துப் படைவீரர் ஒரு முறை சுட்டபின் அடுத்த தோட்டாவைப் பையிலிருந்து எடுத்து, கையால் உள்ளே செலுத்த வேண்டியிருந்தது. குழலுக்கு அடியில் நீண்ட குழாய் அமைத்து அதில் தோட்டாக்களை வரிசையாக அடுக்கும் முறையும் இருந்தது. அதில் இரண்டு குறைகள். ஒரு தோட்டாவின் முனை முன்னால் உள்ள தோட்டாவின் அடிப்பாகத்தில் இடித்து வெடிக்கும் அபாயம் ஒன்று. தோட்டாக்கள் தீரத் தீர துப்பாக்கியின் எடைச் சமநிலை மாறுவது மற்றொன்று.

லீயின் தீர்வு எளிமையானது. உலோகத் தகட்டாலான சிறு பெட்டி ஒன்றில் தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் ஒரு சுருள்வில்லை வைத்தார். பெட்டியைத் துப்பாக்கியின் நடுப்பகுதியில் கீழிருந்து பொருத்தினார். சுடுபவர் போல்ட் எனப்படும் தாழைப் பின்னுக்கு இழுத்தால் வெற்றுறை வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் வில் உயர்த்தி நிறுத்திய மேல் தோட்டா குழலுக்குள் புகும். பெட்டி காலியானால் கழற்றிவிட்டு, நிரப்பிய வேறொன்றை மாட்டலாம். இன்று மேகசின் என்ற பெயரில் உலகின் படைகள் அனைத்தும் பயன்படுத்தும் கழற்றி மாட்டும் பெட்டிகளுக்கு இதுவே முன்னோடி. 1879 நவம்பர் 4-ஆம் தேதி இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது.

இந்தியாவைப் பொருத்தவரை அந்த ஆண்டு கவனிக்கத்தக்கது. அதற்கு முந்தைய ஆண்டான 1878-இல்தான் வைஸ்ராய் லிட்டன் ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தார். உரிமம் இன்றி இந்தியர்கள் ஆயுதம் வைத்திருப்பது குற்றமானது. உலகின் ஒரு மூலையில் துப்பாக்கியின் வேகம் பன்மடங்கு பெருகிய நேரத்தில், இங்கே ஒரு நாட்டு மக்கள் பெருமளவில் நிராயுதபாணிகள் ஆக்கப்பட்டனர். அந்த இரு நிகழ்வுகளுக்கும் தொடர்பில்லை. ஆயினும் அவை சந்தித்துக்கொள்ளும் நாள் தொலைவில் இல்லை.

லீயின் துப்பாக்கியை முதலில் வாங்கியவர்களில் அமெரிக்கக் கடற்படையும் ஒன்று. அதன் முதல் ஒப்பந்தம் 300 துப்பாக்கிகளுக்கு மட்டுமே. தயாரிப்பைத் தொடங்கிய ஷார்ப்ஸ் நிறுவனம் மூடப்பட்டது. பணியை ஏற்ற ரெமிங்டன் நிறுவனமும் 1886-இல் நொடித்துப்போனது. அவரது கண்டுபிடிப்புக்குப் பெருவாழ்வு தந்தது பிரிட்டன். பல ஆண்டுச் சோதனைகளுக்குப் பின், லீயின் தாழும் பெட்டியும், மெட்ஃபோர்டு என்பவர் வடிவமைத்த குழலும் இணைந்த துப்பாக்கியை 1888-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றது. முதலில் 8 தோட்டாக்கள் கொண்ட பெட்டி, 1892-இல் 10 தோட்டாக்களுக்கு விரிந்தது. குழல் மாற்றப்பட்டு 1895-இல் லீ-என்ஃபீல்டு பிறந்தது.

ஆனால் தளபதிகளுக்கு அந்தப் பெட்டியின் மீது நம்பிக்கை வரவில்லை. படைவீரர்கள் தோட்டாக்களை வீணடிப்பார்கள் என்று அஞ்சினர். பெட்டி தொலைந்துவிடாதிருக்க, சங்கிலி வளையத்தால் அதைத் துப்பாக்கியோடு பிணைத்தனர். பெட்டியின் வாயை மூடும் தகடு ஒன்றையும் பொருத்தினர். சாதாரண வேளைகளில் வீரர் ஒவ்வொரு தோட்டாவாகவே இட்டுச் சுட வேண்டும். நெருக்கடி வந்தால் மட்டும் தகட்டை விலக்கலாம். கழற்றி மாற்றுவதற்கென்று பிறந்த பெட்டி கழற்றப்படாமலேயே இருந்தது. போயர் போரில் எதிரிகளின் மௌசர் துப்பாக்கிகள் தந்த அடிக்குப் பின்னரே, 5 தோட்டாக்களை ஒரே அழுத்தில் பெட்டிக்குள் இறக்கும் கிளிப் முறை சேர்க்கப்பட்டது.

சொந்த நாட்டு வீரர்களையே முழுதாக நம்பாத அரசு, இந்திய வீரர்களை எப்படி நடத்தியிருக்கும்? 1857-இல் கொழுப்புத் தடவிய தோட்டாக்களால் சிப்பாய்களின் சினத்தைத் தூண்டியதும் ஒரு என்ஃபீல்டு துப்பாக்கிதான். அந்த எழுச்சிக்குப் பிறகு, வெள்ளையர் படையிடம் இருப்பதைவிட ஒரு தலைமுறை பழைய ஆயுதமே இந்தியப் படைக்கு என்பது எழுதாத விதியாயிற்று. பிரிட்டிஷ் வீரர்கள் லீயின் துப்பாக்கியை ஏந்தியபோது இந்தியச் சிப்பாய்கள் ஒற்றைத் தோட்டா மார்ட்டினி துப்பாக்கியோடு எல்லைப் போர்களில் நின்றனர். கொல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில் 303 ரகத்துக்கென உருவான, உடலுள் விரியும் தோட்டா மனிதத்தன்மையற்றது என்று 1899-இல் தி ஹேக் மாநாட்டில் தடை செய்யப்பட்டது. உலகப் போர்ச் சட்டங்களில் ஒரு வங்காள ஊரின் பெயர் இடம்பிடித்தது இப்படித்தான்.

லீ 1904 பிப்ரவரி 24-ஆம் தேதி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் காலமானார். அதே ஆண்டில், கொல்கத்தாவுக்கு வடக்கே இஷாப்பூரில் துப்பாக்கித் தொழிற்சாலை செயல்படத் தொடங்கியது. லீயின் துப்பாக்கி இந்திய மண்ணிலேயே உருவாகலாயிற்று. 1914-இல் முதல் உலகப் போருக்காக பிரான்ஸில் இறங்கிய இந்தியப் படைகளுக்கு மார்செய் துறைமுகத்தில் புதிய ரகத் துப்பாக்கிகள் வழங்கப்பட்டன. தேவை வந்தபோது நம்பிக்கையும் வந்துவிட்டது. அப்போரில் மாண்ட இந்தியர்களின் நினைவாக எழுந்ததே தில்லியின் இந்தியா கேட்.

போர் முடிந்த ஐந்தாம் மாதமே அந்த ஆயுதம் வேறு திசையில் திரும்பியது. 1919 ஏப்ரல் 13-ஆம் தேதி அமிருதசரஸின் ஜாலியன்வாலா பாகில் ஜெனரல் டையர் நிறுத்திய 50 துப்பாக்கி வீரர்கள் ஏறத்தாழ 10 நிமிடங்களில் 1,650 தோட்டாக்களைச் சுட்டனர். சராசரியாக ஒருவருக்கு 33. அதாவது மூன்று பெட்டிகளுக்கும் மேல். அரசின் கணக்கில் மட்டும் 379 பேர் மாண்டனர். போர்க்களத்தில் எதிரிப் படையைத் தடுக்க வடிவமைத்த வேகம், வெளியேற வழியின்றி அடைபட்ட கூட்டத்தின் மீது பாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் திடலின் சுவர்கள் சாட்சி.

அதே வேகத்தை இந்தியக் காவலரின் கையில் தர ஆங்கில அரசு தயங்கியது. இஷாப்பூரில் காவலர்களுக்காக 410 ரகம் என்ற மஸ்கட் தயாரிக்கப்பட்டது. அது லீயின் துப்பாக்கியேதான். குழலின் உட்புறத்து வரிகள் நீக்கப்பட்டிருந்தன. பெட்டி இருந்த இடம் மரக்கட்டையால் அடைக்கப்பட்டிருந்தது. ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான். துப்பாக்கி கலகக்காரர் கையில் சிக்கினாலும், காவலரே கலகக்காரராக மாறினாலும் ஆபத்து குறைவு என்பதே கணக்கு. லீயின் வாழ்நாள் உழைப்பை ஒரு மரத்துண்டு செல்லாததாக்கிவிட்டது.

சுதந்திரம் வந்தபின் அவநம்பிக்கையின் இடத்தில் அலட்சியம் வந்து அமர்ந்தது. 1962-இல் இமயத்தின் பனியில், தானாகத் தோட்டா ஏறும் சீனத் துப்பாக்கிகளை நம் வீரர்கள் பெருமளவில் 303 ரகத்தோடு எதிர்கொண்டனர். அதன் பிறகு ராணுவம் எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக்கு மாறியது. இஷாப்பூர் பொறியாளர்கள் பழைய வடிவத்துக்கும் புத்துயிர் ஊட்டினர். வலுவான எஃகில், 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ப, 12 தோட்டாக்கள் கொள்ளும் புதிய பெட்டியுடன் 1960-களில் வெளிவந்தது 2ஏ ரகம். 2,000 மீட்டர் வரை குறிக்கப்பட்டிருந்த குறிபார்க்கும் அளவுகோல் நடைமுறைக்கு ஏற்ப 800 மீட்டராகக் குறைக்கப்பட்டு 2ஏ1 ஆயிற்று. லீயின் வடிவமைப்பு கண்ட கடைசிப் பெரும் மேம்பாடு இந்தியர்கள் செய்தது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

காவல் நிலையங்களிலோ பழைய துப்பாக்கியே நீடித்தது. அது காலாவதியானது என்று மத்திய உள்துறை அமைச்சகம் 1995-இல் கூறியும், காவல்துறை நவீனமயமாக்கலுக்கென மத்திய நிதி பல பத்தாண்டுகளாக ஒதுக்கப்பட்டும் மாற்றம் ஆமை வேகத்திலேயே நடந்தது. 2008 நவம்பர் 26 இரவு மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் ஏ.கே. ரகத் துப்பாக்கிகளோடு நுழைந்த இரு பயங்கரவாதிகளை, 303 துப்பாக்கியும் லத்தியும் ஏந்திய காவலர்கள் எதிர்கொள்ள நேர்ந்தது. 50-க்கும் மேற்பட்டோர் அங்கு உயிரிழந்தனர்.

லீயின் துப்பாக்கி பழுதான ஆயுதம் அல்ல. அதைக் காலம் கடந்தும் சுமக்கவைத்தவர்களின் முடிவுகளே பழுதானவை. அன்னிய ஆட்சி காவலரை நம்பாமல் பெட்டியை அடைத்தது. நம் ஆட்சிகள் காவலரை நினைக்காமல் பெட்டியை மாற்றாது விட்டன. இனி வரும் புதிய ஆயுதங்களுக்கும் இதே வரலாறு ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறது. காவலரின் உயிரைக் காக்கும் ஆயுதம் அவர் கைக்கு உரிய காலத்தில் வர வேண்டும். அது கூட்டத்தின் மீது திரும்பாதிருக்கும் சட்டமும் பயிற்சியும் உடன் வர வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் வந்தால் என்ன நேரும் என்பதை ஜாலியன்வாலா பாகும் மும்பை ரயில் நிலையமும் சொல்லிவிட்டன.