^பூலி என்று தேடினால் பூலித்தேவன் முழுசாகக் கிடைப்பாரா?

செப்டம்பர் 1, பூலித்தேவன் பிறந்தநாள். பழைய செய்தித் தலைப்புகளில் அவரைத் தேட ^பூலி என்று போட்டேன். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ^ குறி வந்தால், வரியே அப்படித்தான் தொடங்க வேண்டும். 'பூலித்தேவன்' சிக்கினார். 'மாவீரன் பூலித்தேவன்' சிக்கவில்லை, பட்டம் முன்னால் நிற்கிறதே! குறில் போட்டு எழுதிய 'புலித்தேவர்' அதோடு போச்சு. ^(பூ|பு)லி என்றால் குறிலும் நெடிலும் வரும். பட்டம் போட்ட தலைப்புக்கு ^ குறியையே எடுத்துவிட வேண்டியதுதான்.

யார் இவர்? வாசுதேவநல்லூர் பக்கத்தில் இருக்கும் நெற்கட்டும்செவலின் பாளையக்காரர். 1755-ல் ஆற்காடு நவாபுக்குக் கப்பம் வசூலிக்க கர்னல் ஹெரான் படையோடு வந்தார். பூலித்தேவன் தர மறுத்தார். கோட்டையை உடைக்கப் போதுமான பீரங்கி இல்லாமல் ஹெரான் திரும்பிப் போனார். அதன் பிறகுதான் ஊர்ப் பெயர் நெற்கட்டான்செவல் ஆனது என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். நெல் கட்டும் ஊர், நெல் கட்டாத ஊராகிவிட்டது. இங்கேயும் ^நெற்கட்டு என்று தேடினால் கப்பம் கட்டிய ஊர் மட்டும்தான் வரும், மறுத்த ஊர் வராது. ^நெற்கட்ட என்று நிறுத்தினால் இரண்டும் வரும். கணினிக்கு 'ட' தனி, அதோடு சேரும் உகரமும் காலும் தனி.

மேற்குப் பாளையங்களை ஒன்று சேர்த்தது அவருடைய பெரிய பலம். திருவிதாங்கூரும் முதலில் அவர் பக்கம்தான். அந்த ஆதரவைத் தன் பக்கம் திருப்பியவர் கம்பெனியின் தளபதி யூசுப் கான். அப்படியும் வாசுதேவநல்லூர் கோட்டை மீது அவர் நடத்திய முதல் தாக்குதல் தோற்றது. 1761-ல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றும் வீழ்ந்தன. 1767-ல் வாசுதேவநல்லூரில் மறுபடியும் சண்டை. இந்த முறை வந்தவர் கர்னல் கேம்ப்பெல். கோட்டை விழுந்தது, பூலித்தேவன் பிடிபடவில்லை. சங்கரன்கோவில் கோயிலுக்குள் போனவர் அப்படியே மறைந்துவிட்டார் என்பது மக்கள் சொல்லும் கதை.

ஹெரான், யூசுப் கான் படையெடுப்புகளை விரிவாக எழுதி வைத்தவர் ராபர்ட் ஓர்ம். அவர் ஆங்கிலத்தில் வாசுதேவநல்லூர் 'வாஷினெலோர்', நெற்கட்டும்செவல் 'நெல்லிடங்காவில்'. ^வாசு, ^நெற் எதுவும் அங்கே எடுபடாது. எங்கள் தேடல் பட்டியலில் இப்போது அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்திருக்கிறோம்.