அடுக்களை அறிவை அச்சேற்றிய அம்மையார்

வாழ்க்கை வரலாறு என்றதும் அரசர், புலவர், விடுதலை வீரர் ஆகியோரின் பெயர்களே நம் நினைவில் முந்தி நிற்கின்றன. அடுப்படியில் கற்றதை நூலாக்கி, பல தலைமுறைகளுக்கு விட்டுச் சென்ற ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத முனைகின்றோம். அவர் 'சமைத்துப் பார்' என்னும் நூலின் ஆசிரியர் எஸ். மீனாட்சி அம்மாள். மதுரையில் மீனாட்சி என்னும் பெயர் தெருவுக்குத் தெரு ஒலிக்கும். எனினும் இந்த மீனாட்சியை நூலின் அட்டையில் மட்டுமே கண்டவர் பலர். அவருடைய வாழ்வை அறிந்தவர் சிலர்.

சமையலை நூலாக எழுதும் எண்ணம் தமிழருக்குப் புதிதன்று. நல்லியக்கோடன் பாணர்க்கு அளித்த விருந்தைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, வீமன் இயற்றிய மடைநூலின் நெறி வழுவாது ஆக்கிய அடிசில் அது என்று குறிப்பிடுகின்றது. மணிமேகலையும் ஆடல் மகளிர் கற்ற கலைகளுள் மடைநூலை ஒன்றாக எண்ணுகின்றது. அந்நூல்கள் நம் கைக்கு வந்து சேரவில்லை. 10-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த அரபு நூலும், 1500-ஆம் ஆண்டையொட்டி மாளவ சுல்தான்களின் அவையில் பாரசீக மொழியில் உருவான நிஃமத்நாமாவும் அழியாமல் எஞ்சின. ஆயினும் அவை அரண்மனைகளின் உணவைச் சொல்பவை. எளிய இல்லங்களின் அன்றாடச் சமையல் பெண்களின் கைப்பழக்கத்திலேயே வாழ்ந்தது. அக்கைகள் ஓய்ந்தபோது அதுவும் ஓய்ந்தது.

இளமையும் இழப்பும்

மீனாட்சி அம்மாள் 1905-ஆம் ஆண்டில் பிறந்தவர். அக்கால வழக்கப்படி இளவயதிலேயே மணம் முடிந்தது. இளவயதிலேயே கணவரையும் இழந்தார். சிறுமகன் ஒருவன், மாமியார், கணவரின் தம்பி என ஒரு குடும்பத்தின் சுமை அவர் தோள்மேல் விழுந்தது.

அந்நாளில் கைம்பெண்ணுக்குச் சமூகம் விதித்த கட்டுப்பாடுகளை இன்றைய மாணவர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும். மங்கல நிகழ்ச்சிகளில் அவள் முன்னே வந்து நிற்றல் ஆகாது. நல்ல காரியத்திற்குப் புறப்படுவோரின் எதிரில் வருதல் ஆகாது. ஆனால் அவளுடைய உழைப்பு மட்டும் அடுப்படிக்கு வேண்டியிருந்தது. எத்தனையோ இல்லங்களில் பந்திக்கு உணவு ஆக்கிய கை ஒரு கைம்பெண்ணின் கையாகவே இருந்தது. பந்தியில் அவள் பெயரைச் சொல்வார் இல்லை. மீனாட்சி அம்மாளும் அந்தச் சூழலில் வாழ்ந்தவரே. தமக்கு விடப்பட்ட அடுப்படியையே அவர் தம் பள்ளியாகவும் பணிமனையாகவும் ஆக்கிக்கொண்டார்.

நூல் பிறந்த வகை

அவருடைய கைப்பக்குவம் உறவினரிடையே புகழ்பெற்றது. புதிதாக மணமாகிய பெண்கள் அவரிடம் செய்முறை கேட்டனர். வெளியூர் சென்றவர்கள் கடிதம் எழுதிக் கேட்டனர். அவரும் சலிப்பின்றி விடை எழுதினார். இதனைக் கண்ட அவருடைய உறவினரும் சென்னையின் பெயர்பெற்ற வழக்கறிஞருமான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர், ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே எழுதுவதைவிட எல்லார்க்குமாக ஒரு நூலே எழுதலாமே என்று ஊக்கினார். 1951-ஆம் ஆண்டில் 'சமைத்துப் பார்' முதற்பாகம் வெளிவந்தது. தொடர்ந்து இரண்டாம், மூன்றாம் பாகங்களும் வந்தன.

தமிழில் பாகசாஸ்திர நூல்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அச்சாகி வந்தன. அவற்றை விஞ்சி இந்நூல் நிலைபெற்றதற்குக் காலமும் ஒரு காரணம் எனலாம். விடுதலைக்குப்பின் அலுவல் நிமித்தம் பம்பாய், தில்லி, கல்கத்தா எனக் குடும்பங்கள் பெயர்ந்தன. மாமியாரும் தாயும் அருகில் இல்லாத இளம்பெண், முன்பின் அறியாத ஊரில் தனியே அடுப்பை மூட்ட நேர்ந்தது. அவள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கும் குரலாக இந்நூல் அமைந்தது. அதனாற்றான் மணமகளுக்குரிய சீர்ப்பொருள்களோடு இதனையும் வைத்து அனுப்பும் பழக்கம் பல இல்லங்களில் வேரூன்றியது.

அளவும் மொழியும்

கைப்பழக்கத்தால் சமைப்பவரிடம் அளவு கேட்டால், கண்ணளவு என்பர், கையளவு என்பர். அதனை எழுத்தில் கொண்டுவருதல் எளிதன்று. அன்று வழங்கியவை படியும் ஆழாக்கும், பலமும் வீசையுமாம். 8 ஆழாக்கு 1 படி; 40 பலம் 1 வீசை. படியின் கொள்ளளவோ ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஒருவர் வீட்டில் சரியாக வந்த பண்டம் மற்றொருவர் வீட்டில் கெட்டுப் போவதற்கு இதுவே போதும். மீனாட்சி அம்மாள் பண்டங்களையும் அவற்றின் அளவையும் முதலில் வரிசைப்படுத்தி, அதன்பின் செய்முறையைப் படிப்படியாகச் சொன்னார். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மெட்ரிக் அளவைகள் வந்த பிறகு, பிற்பதிப்புகளில் அளவுகளும் காலத்திற்கேற்ப மாற்றப்பெற்றன.

தமிழ் பயில்வோர் இந்நூலின் பெயரையும் கருதிப் பார்த்தல் தகும். 'பார்' என்பது இங்குத் துணைவினை. முயன்று பார் என்னும் பொருளைத் தருவது. கண்ணால் காண் என்னும் பொருளும் அதனுள் ஒளிந்து நிற்கின்றது. ஆங்கிலத்தில் இந்நூல் 'குக் அண்ட் ஸீ' எனப் பெயர் பெற்றபோது இரண்டாம் பொருளே மிஞ்சியது; முயன்று பார் என்னும் அன்பான தூண்டுதல் மறைந்தது. மேலும் தாளித்தல், வதக்குதல், வறுத்தல், கிளறுதல், மசித்தல் என வினைக்கு ஒரு சொல்லும், இளம்பாகு, கம்பிப்பாகு எனப் பதத்திற்கு ஒரு சொல்லுமாக அடுக்களைத் தமிழ் எத்துணை நுட்பமுடையது என்பதனைச் சமையல் நூல்களே நமக்குக் காட்டுகின்றன. அகராதி தொகுப்போர் தேடிச் செல்லவேண்டிய இடங்களுள் அடுக்களையும் ஒன்று.

நூலின் மூன்றாம் பாகம் பண்டிகைகளையும் திருமணம் முதலிய சடங்குகளையும் அவற்றுக்கு வேண்டிய பொருள்களையும் விரித்துரைக்கின்றது. மங்கல நிகழ்ச்சியின் முன்வரிசையில் நிற்கக் கூடாதென்று சமூகம் ஒதுக்கிய ஒரு பெண்ணின் நூலைக் கையில் வைத்துக்கொண்டே எத்தனையோ குடும்பங்கள் தம் வீட்டுத் திருமணங்களை நடத்தின. இதனை எண்ணுந்தோறும் நம் உள்ளம் நெகிழ்கின்றது.

இத்தாலி நாட்டில் ஓர் ஒப்புமை

இவரையொத்த ஒருவர் இத்தாலியிலும் வாழ்ந்தார். பெல்லெக்ரினோ அர்த்தூசி என்னும் அவர் 1820-இல் பிறந்தவர். புளோரன்ஸ் நகரில் பட்டு வணிகம் செய்தவர். இல்லச் சமையலைத் தொகுத்து அவர் எழுதிய நூலை வெளியிட எவரும் முன்வராமையால், 1891-இல் தம் செலவிலேயே அச்சிட்டார். 475 குறிப்புகளுடன் தொடங்கிய நூல், நாடெங்கிலுமிருந்து இல்லத்தரசியர் எழுதியனுப்பிய செய்திகளாலும் வளர்ந்து 790 குறிப்புகளை எட்டியது. 1861-இல்தான் ஒரே நாடாக இணைந்த இத்தாலியருக்குப் பொதுவான சமையல் மொழி ஒன்றை அந்நூல் வழங்கியது என்பர். 1911-இல் அவர் மறைந்தபோது, நூலின் உரிமையைத் தம் வீட்டில் சமைத்த இருவர்க்கே எழுதி வைத்திருந்தார்.

அவரோ செல்வர், சமைத்துக் காட்டப் பணியாளர் உடையவர். மீனாட்சி அம்மாளோ தாமே சமைத்து, தாமே எழுதியவர். எனினும் இருவர் நூலும் இன்றுவரை வாழ்வதற்குக் காரணம் ஒன்றே. அவை விருந்தினரை வியக்க வைக்கும் உணவைத் தேடவில்லை. நாள்தோறும் வீட்டார் உண்ணும் உணவை மதித்தன.

நிலைத்த புகழ்

மீனாட்சி அம்மாள் 1962-ஆம் ஆண்டில் மறைந்தார். குடும்பத்தார் நூலைப் போற்றிக் காத்து மீண்டும் மீண்டும் பதிப்பித்தனர். ஆங்கிலத்திலும் பிற இந்திய மொழிகளிலும் அது பெயர்க்கப்பெற்றது. விறகடுப்பு போய் மண்ணெண்ணெய் அடுப்பும், அதன்பின் எரிவாயு அடுப்பும் வந்தன. அம்மி போய் மின் அரைவை இயந்திரம் வந்தது. இன்று கைப்பேசியிலேயே சமையல் காட்சிகள் ஓடுகின்றன. அவ்வளவுக்குப் பின்னும் இந்நூல் விலைபோகின்றது.

நம் முன் நிற்கும் கடமை

ஒன்றை மட்டும் நாம் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். 'சமைத்துப் பார்' ஒரு சமூகத்தாரின் மரக்கறிச் சமையலைச் சொல்லும் நூல். தமிழகத்துச் சமையல் முழுவதும் அதனுள் அடங்கிவிடாது. இது நூலாசிரியரின் குறையன்று. தாம் அறிந்ததை அவர் ஒழுங்காக எழுதினார். தாம் அறிந்ததை எழுதாது விட்டது மற்றவர்களின் குறையே.

கீழக்கரைத் தொதலும் வட்டிலப்பமும், காயல்பட்டினத்துக் களறிச் சாப்பாடும், மதுரைக் காஜிமார் தெருவிலும் கோரிப்பாளையத்திலும் நோன்பு மாதத்தில் மணக்கும் கஞ்சியும் நம் பெரியோர் நமக்கு விட்டுச் சென்றவை. கடையில் விற்பதனால் ஜிகர்தண்டாவை உலகம் அறிந்துகொண்டது. கடைக்கு வாராத வீட்டுப் பண்டங்களை யார் அறிவார்? நம்மவர் இல்லமொன்றில் பெருநாள்தோறும் ஓர் இனிப்புச் செய்த மூதாட்டி மறைந்த பிறகு, மக்களும் மருமக்களும் மும்முறை முயன்றும் அப்பதம் வரவில்லை. கேட்டு எழுதிக்கொள்ள நாற்பது ஆண்டுகள் இருந்தும் எவரும் எழுதவில்லை.

ஆகவே மாணவ மாணவியர்க்கு ஒன்று கூறுவோம். இவ்விடுமுறையில் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பாட்டியின் அருகே அமருங்கள். உம்மாவிடமும் அம்மாவிடமும் அத்தையிடமும் கேளுங்கள். கையளவு என்று அவர்கள் சொன்னால், அக்கையில் உள்ளதை ஆழாக்கில் கொட்டி அளந்து எழுதுங்கள். அவர்கள் வழங்கும் சொற்களை மாற்றாமல் அவ்வாறே எழுதுங்கள். யாரிடம் கேட்டீர்களோ அவர் பெயரை மேலே எழுத மறவாதீர்கள். பெயரில்லாமல் சமைத்து மறைந்த பெண்கள் கோடிப்பேர்; தம் பெயரோடு நிலைபெற்றவர்களுள் மீனாட்சி அம்மாள் ஒருவர். அவ்வரிசையில் நம் இல்லத்துப் பெயர்களையும் சேர்ப்பதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.