540 ஓட்டில் தப்பிய முதல்-மந்திரி

டாக்டர் பி.சி.ராய் 1882-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி பாட்னாவை அடுத்த பாங்கிப்பூரில் பிறந்தார். லண்டனில் படித்து எம்.ஆர்.சி.பி., எப்.ஆர்.சி.எஸ். என்ற இரண்டு பெரிய பட்டங்களையும் பெற்றுத் திரும்பினார். காந்திஜிக்கு வைத்தியம் பார்த்தவர். 1931-ல் கல்கத்தா மேயர் ஆனார். 1948 ஜனவரியில் மேற்கு வங்காள முதல்-மந்திரியாகப் பதவி ஏற்றார்.

அகதிகள் வெள்ளம்

பிரிவினையால் கிழக்கு பாகிஸ்தானில் இருந்து இந்துக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1950 கலவரத்துக்குப் பிறகு கூட்டம் பெருகியது. 1951 மக்கள் தொகை கணக்குப்படி மேற்கு வங்காளத்தில் அகதிகள் சுமார் 21 லட்சம் பேர். சியால்டா ரெயில் நிலைய பிளாட்பாரமே பல குடும்பங்களுக்கு வீடாயிற்று.

கல்கத்தாவின் தென்புறம் ஜாதவ்பூர், டோலிகஞ்ச் பகுதிகளில் காலி நிலங்களில் பலர் இரவோடு இரவாகக் குடிசை போட்டார்கள். நிலச் சொந்தக்காரர்கள் அரசிடம் முறையிட்டார்கள். 1951-ல் ராய் அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. குடிசையைப் பிடுங்கும் சட்டம் அது என்று அகதிகள் கொதித்தார்கள். கம்யூனிஸ்டுகளும் மற்ற இடதுசாரிகளும் அவர்கள் பக்கம் நின்றார்கள். எதிர்ப்பு வலுக்கவே, சட்டத்தின் கடுமை குறைக்கப்பட்டது.

கசந்த மருந்து

ராய் அகதிகளை வெறுத்தவர் அல்ல. அவர்களுக்காக மத்திய அரசிடம் வாதாடிப் பணம் கேட்டவர். ஆனால் சுருங்கிப்போன மாநிலம் இத்தனை பேரைத் தாங்காது என்று எண்ணினார். அந்தமானில் குடியேற்ற முயன்றார். பிறகு தண்டகாரண்யத் திட்டம் வந்தது. அகதிகளில் பெரும்பாலோர் வங்காள மண்ணை விட்டுப் போக மறுத்தார்கள்.

ஓட்டுச் சாவடியில்

குடிசைக்குப் பட்டா இல்லை. ஆனால் குடியிருந்தவர்களில் ஏராளமானோருக்கு ஓட்டு இருந்தது. தங்கள் குடிசையைக் காக்க நின்றவர்களுக்கே அது விழுந்தது.

1957 தேர்தலில் கல்கத்தாவில் காங்கிரசுக்குப் பலத்த அடி. பவ்பஜார் தொகுதியில் ராயே, கம்யூனிஸ்டு வேட்பாளர் முகமது இஸ்மாயிலை வெறும் 540 ஓட்டு வித்தியாசத்தில்தான் வென்றார். இதற்கு அகதிகளின் கோபம் மட்டுமே காரணம் அல்ல. விலைவாசியும் வேலை இல்லாத் திண்டாட்டமும் சேர்ந்துகொண்டன.

பிறந்த நாளில் மறைவு

துர்காப்பூர் தொழில் நகரும் கல்யாணி நகரும் அவர் உருவாக்கியவை. 1961-ல் பாரத ரத்னா பட்டம் பெற்றார். 1962 ஜூலை 1-ந்தேதி, தமது 80-வது பிறந்த நாளிலேயே, முதல்-மந்திரியாகவே காலமானார். அந்த நாள் டாக்டர்கள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

ஐந்தே ஆண்டில், 1967-ல், காங்கிரஸ் அங்கே ஆட்சியை இழந்தது. 1977-ல் இடதுசாரி முன்னணி ஆட்சிக்கு வந்து 34 ஆண்டுகள் நீடித்தது. அதற்கு உறுதியான தூண்களில் ஒன்று, ராய் காலத்தில் எழுந்த அந்த அகதிக் குடியிருப்புகள்.