ஆறு இலக்கம் கொடுத்த மனிதர்

605010. ரெட்டியார்பாளையத்துக்காரங்களுக்கு இது மனப்பாடம். பேங்க் ஃபார்ம், எக்ஸாம் அப்ளிகேஷன், ஆன்லைன் ஆர்டர்னு எதுவா இருந்தாலும் முகவரியோட கடைசி வரியில இந்த ஆறு இலக்கம் இருக்கும். ரேடியோ யாரு, பல்ப் யாருன்னு நாலாவது படிக்கும்போதே மனப்பாடம் பண்ணிட்டோம். ஆனா தினமும் எழுதுற இந்த நம்பரை யார் கொண்டு வந்தார்னு கேட்டா நம்ம கிளாஸ்ல எத்தனை கை உயரும்?

அவர் பெயர் ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர். 1915-இல் ஒரு மராத்திக் குடும்பத்தில் பிறந்தவர். இன்ஜினியர் கிடையாது. சமஸ்கிருதத்தில் ஊறின மனுஷன். அஞ்சல் தந்தித் துறையில் சேர்ந்து, மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலாளர், அஞ்சல் தந்தி வாரியத்தின் மூத்த உறுப்பினர் என்ற இடம் வரைக்கும் உயர்ந்தார். ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் சமஸ்கிருதத்தில் கவிதையும் நாடகமும் எழுதினார். அவர் எழுதினது மொத்தம் நூறு புத்தகத்துக்கு மேலன்னு கணக்கு சொல்றாங்க. அதில் ஒண்ணு மேகதூதோத்தரம் என்கிற இசை நாடகம். காளிதாசரோட மேகதூதத்தில் காதலிக்கு சேதி கொண்டு போறது ஒரு மேகம். அதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு யோசிச்சு எழுதினவர் ஒரு தபால் அதிகாரி!

இப்போ அவர் முன்னாடி இருந்த பிரச்சனைக்கு வருவோம்.

சுதந்திரம் வந்தப்போ நாட்டில் இருந்த தபால் நிலையங்கள் 23,344. அதுவும் பெரும்பாலும் நகரங்களில்தான். அதுக்கப்புறம் கிராமம் கிராமமா தபால் நிலையம் திறந்துக்கிட்டே போனாங்க. நல்ல விஷயம்தான். ஆனா ஒவ்வொரு புது தபால் நிலையமும், கடிதம் பிரிக்கிறவர் ஞாபகம் வெச்சுக்க வேண்டிய இன்னொரு ஊர். அவரைச் சார்ட்டர்னு சொல்வாங்க. அவருக்கு முன்னாடி ஒரு மர அலமாரி, அதில் சின்னச் சின்னக் கட்டங்கள். முகவரியைப் படிக்கணும், அந்த ஊர் எந்த ரயில் பாதையில, எந்தப் பையில போகணும்னு யோசிக்கணும், சரியான கட்டத்தில் போடணும். நிறைய பேர் இதை ஓடுற ரயில் பெட்டியில் நின்னுக்கிட்டே செஞ்சாங்க. ரயில்வே மெயில் சர்வீஸ், சுருக்கமா ஆர்.எம்.எஸ்.

இதில் மூணு சிக்கல். முதல்ல, ஒரே பேரில் பல ஊர். நம்ம பக்கத்திலேயே எத்தனை புதூர், எத்தனை பாளையம் இருக்குன்னு எண்ணிப் பாருங்க. ரெண்டாவது, மொழி. தமிழில் எழுதின முகவரியை டெல்லி சார்ட்டர் எப்படிப் படிப்பார்? வங்காளத்தில் எழுதினதை நம்மூர் சார்ட்டர் எப்படிப் படிப்பார்? மூணாவது, மனசில் இருக்கிற மேப். இருபது வருஷ அனுபவம் உள்ளவர் ரிட்டயர் ஆனா அந்த மேப்பும் அவரோடயே கிளம்பிடும். புதுசா வர்றவர் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இதோட நடுவில் ஒரு வேலைக்கான இன்டர்வியூ கடிதம் தப்பான பையில போயிடுச்சுன்னா, அது வந்து சேரும்போது இன்டர்வியூவே முடிஞ்சிருக்கும்.

வெளிநாடுகளில் இதுக்குத் தீர்வு ஏற்கனவே இருந்தது. ஜெர்மனி 1941-இலேயே தபால் குறியீட்டு எண்ணைக் கொண்டு வந்தது. அமெரிக்காவில் 1963-இல் ஐந்து இலக்க ஜிப் கோடு. இந்தியாவுக்கு ஏற்ற மாதிரி ஒரு முறையை உருவாக்கிற பொறுப்பு வேலன்கருக்கு வந்தது. 1972 ஆகஸ்ட் 15, சுதந்திரத்தின் வெள்ளி விழா அன்னைக்கு, ஆறு இலக்க பின்கோடு அமலுக்கு வந்தது.

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படிச்சவங்களுக்கு அந்த டிசைன் உடனே பிடிக்கும். 605010-ஐ இடமிருந்து வலமாகப் படிங்க. முதல் இலக்கம் 6: தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, லட்சத்தீவு இருக்கிற தென் மண்டலம். மொத்தம் எட்டு மண்டலம், ஒன்பதாவது ராணுவத் தபாலுக்கு. இரண்டாவது இலக்கம் அந்த மண்டலத்துக்குள் ஒரு பகுதி. மூன்றாவது இலக்கம் சேரும்போது 605, அதுதான் சார்ட்டிங் மாவட்டம். கடைசி மூணு, 010, நம்ம வீட்டுக்குக் கடிதம் கொண்டு வர்ற தபால் நிலையம்.

அதாவது இது ஒரு மரம். ஒவ்வொரு கட்டத்திலும் அதிகபட்சம் பத்து கிளைதான். அமிர்தசரஸில் கடிதத்தைக் கையில் எடுக்கிறவருக்கு ரெட்டியார்பாளையம் எங்க இருக்குன்னு தெரியவே வேண்டாம். 6-ஐப் பார்த்துத் தெற்கே தள்ளினா அவர் வேலை முடிஞ்சது. சார்ட்டர் தலைக்குள்ள இருந்த மேப்பை எடுத்து கவர் மேலேயே ஒட்டிட்டார் வேலன்கர். எந்த மொழிக்காரருக்கும் எண் புரியும்.

இந்த மரம் எவ்வளவு நேர்மையானதுன்னு தெரிஞ்சுக்க நம்ம புதுச்சேரியே போதும். 1954 நவம்பர் 1 வரைக்கும் இங்க நடந்தது பிரெஞ்சு நிர்வாகம், தபாலும் அவங்களோடதுதான். சட்டப்படி இணைப்பு முழுமையானது 1962 ஆகஸ்ட் 16. பின்கோடு வந்தது அதுக்குக் கிட்டத்தட்ட பத்து வருஷம் கழிச்சு. ஒரே யூனியன் பிரதேசம்தானேன்னு நாலு ஊருக்கும் ஒரே மாதிரி நம்பர் கொடுத்திருக்கலாம். கொடுக்கலை. காரைக்கால் 609602, பக்கத்து மயிலாடுதுறை 609001. மாஹே 673310, கோழிக்கோடு 673001. ஏனாம் 533464, காக்கிநாடா 533001. நம்ம 605-ஐயோ விழுப்புரத்தோட பங்கு போட்டிருக்கோம்: 605602. ஏனாம் கடிதம் புதுச்சேரிக்கு வந்து, மறுபடி ஆந்திராவுக்குத் திரும்பிப் போறதில் யாருக்கும் லாபம் இல்லை. அரசியல் எல்லைக்காக இல்லாம தபால் பை போற வழிக்காகப் போட்ட நம்பர் அது. இதனாலதான் சில வெப்சைட்டில் பின்கோடு அடிச்சதும் மாநிலம்ங்கிற இடத்தில் தானாகவே தமிழ்நாடுன்னு வந்து நிக்குது. அது பின்கோடு மேல இருக்கிற குறை இல்லை, பின்கோடுன்னா மாநிலம்னு நினைச்சு கோடு எழுதினவங்களோட குறை.

இந்த டிசைன் எவ்வளவு சுமை தாங்கும்? இன்னைக்கு உலகத்தின் பெரிய பார்சல் ஹப்களைப் பாருங்க. அமெரிக்காவில் லூயிவில் நகரத்தில் யூ.பி.எஸ். நிறுவனத்தின் வேர்ல்ட்போர்ட் இருக்கு. பரப்பு 52 லட்சம் சதுர அடி, கிட்டத்தட்ட 120 ஏக்கர். மணிக்கு 4,16,000 பார்சல் வரைக்கும் பிரிக்க முடியும். வகுத்துப் பாருங்க, நொடிக்கு 115! நீங்க இந்த வரியைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள சில நூறு பார்சல் பிரிஞ்சிருக்கும். பெல்ட்டில் ஓடுற பெட்டியை கேமரா பார்க்கும், பார்கோடைப் படிக்கும், எந்தச் சரிவில் தள்ளணும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். பெரும்பகுதி வேலை நடக்கிறது நள்ளிரவை ஒட்டின சில மணி நேரத்தில். விடியறதுக்குள்ள விமானங்கள் கிளம்பியாகணும்.

மெம்ஃபிஸில் ஃபெடெக்ஸ் தன் முதல் இரவை ஓட்டினது 1973 ஏப்ரல் 17. அன்னைக்கு 14 விமானம், 25 நகரம், மொத்தமே 186 பார்சல். அதாவது இன்னைக்கு இருக்கிற பெரிய ஹப்கள் குழந்தையா இருந்த காலத்தில்தான் வேலன்கரும் தன் நம்பரைக் கொண்டு வந்தார். மெஷின் வரும்னு காத்திருக்கலை. மர அலமாரிக்காகப் போட்ட அதே எண்தான், 1990-களில் மும்பையிலும் சென்னையிலும் தானியங்கிப் பிரிப்பு மையங்கள் வந்தப்போ மெஷினுக்கும் பயன்பட்டது. இப்போ ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தபால் நிலையங்களைச் சுமார் 19,000 பின்கோடுகளில் அடக்கியிருக்காங்க. தனியார் கூரியர்களும் அதே எண்ணைத்தான் கேட்கிறாங்க.

குறையே இல்லையான்னா, இருக்கு. பின்கோடில் செக் டிஜிட் கிடையாது. 605010-ஐ அவசரத்தில் 605001-னு மாத்தி எழுதினா சிஸ்டம் கண்டுபிடிக்காது, ஏன்னா அது புதுச்சேரி தலைமைத் தபால் நிலையத்தின் நிஜமான எண். ஸ்பீட் போஸ்ட் ட்ராக்கிங் நம்பரில் எட்டு இலக்கத்துக்குப் பிறகு வர்ற ஒன்பதாவது இலக்கம் இந்த மாதிரி தப்பைப் பிடிக்கத்தான் இருக்கு. இன்னொண்ணு, பின்கோடு தபால் நிலையம் வரைக்கும்தான் வழி காட்டும். அங்கிருந்து வீட்டு வாசலுக்கு வர இன்னும் போஸ்ட்மேன் மனசில் இருக்கிற மேப்தான் துணை. அந்தக் கடைசி இடைவெளியை நிரப்பத்தான் 2025-இல் டிஜிபின் வந்தது. நாட்டையே சுமார் நாலு மீட்டர் சதுரங்களாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் பத்து எழுத்துக் குறியீடு. அது பின்கோடைத் தூக்கிப் போடலை, பக்கத்தில் சேர்ந்து நிக்குது.

1973-இல் டெல்லியில் நடந்த இன்டிபெக்ஸ் என்ற உலகத் தபால்தலைக் கண்காட்சியையும் வேலன்கர் முன்னின்று நடத்தினார். அந்த வருஷக் கடைசி நாளில் பணி ஓய்வு. அதுக்கப்புறம் முழு நேரமும் சமஸ்கிருதம்தான். 1996-இல் அதற்காக ஜனாதிபதி விருது கிடைத்தது. 1999-இல் மும்பையில் காலமானார். நம்ம பேட்ச்ல யாரும் அப்போ பிறக்கவே இல்லை.

அடுத்த தடவை பார்சல் வந்தா கவரைக் கிழிச்சு உடனே குப்பையில் போடாதீங்க. லேபிளில் அனுப்பினவர் பின்கோடையும் உங்க பின்கோடையும் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. முதல் இலக்கமே வேறன்னா அது மண்டலம் தாண்டி வந்த பெட்டி. முதல் மூணும் ஒண்ணுன்னா, பக்கத்து ஊர்க்காரர் யாரோ அனுப்பியிருக்கார்.